பொருளியல் வகுப்புக்குச் சம்பூர்

பாடநூலுக்கு அப்பால் மாணவனுக்கு எதைப் படிக்கக் கொடுப்பது என்ற கேள்வி, தமிழில் பொருளியல் கற்பிப்போரை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் தொடர்ந்து வருகிறது. 1960ஐ ஒட்டி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் தாய்மொழிக் கல்விக்கு மாறியபோது முதலில் எழுந்த நெருக்கடி பாடநூல் பற்றியதாகவே இருந்தது. அரசகரும மொழித் திணைக்களம் ஆங்கில நூல்களை மொழிபெயர்க்க ஆட்களை அமர்த்தியது, கலைச்சொற்றொகுதிகளை அச்சிட்டது. அந்த உழைப்பை இன்று நினைவு கூர்வோர் குறைவு. கேள்வி, நிரம்பல், அமையச் செலவு என்று ஈழத்து மாணவர் தடையின்றிச் சொல்லும் சொற்கள் எல்லாம் அக்கால மேசைகளில் தீட்டப்பட்டவை. தமிழ்நாட்டு வாசகர்கள் இவற்றைத் தேவை, அளிப்பு, வாய்ப்புச் செலவு என்று அறிவர். அமையச் செலவு என்ற சொல்லை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு பொருளைப் பெறுவதற்காக நாம் கைவிட்ட மற்றொன்றின் பெறுமதி என்பது அதன் பொருள். இக்கட்டுரையில் அது மீண்டும் வரும்.

பாடநூல் வந்தது, துணைநூல் வரவில்லை. விரிவுரையாளரின் குறிப்பே நூலாகி, அதன் நிழற்பிரதியே நூலகமாகிப் பல தலைமுறைகள் பட்டம் பெற்று வெளியேறிவிட்டன. இத்தனைக்கும் இலங்கையைப் பற்றி எழுதாதவர்கள் அல்லர் உலகப் பொருளியலறிஞர்கள். 1950களின் பிற்பகுதியில், பண்டாரநாயக்க அரசாங்கத்தின் தேசியத் திட்டமிடல் சபைக்காக ஜோன் றொபின்சன், நிக்கலஸ் கால்டோர், குன்னார் மிர்டால், ஒஸ்கார் லாங்கே, ஜோன் ஹிக்ஸ், கால்பிரெய்த் ஆகியோர் இங்கு வந்து எழுதிய கட்டுரைகள் 1959இல் கொழும்பில் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. ஒரு சிறிய நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி இப்படியோர் அணி எழுதியது அபூர்வம். ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. அது வெளிவந்த மறு ஆண்டளவில் நமது மாணவர்கள் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.

கிழக்கில் பொருளியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் துணைவாசிப்புப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார். பத்திரிகையாளன் என்ற முறையில் என் கருத்தையும் கேட்டார். நான் பொருளியலாளன் அல்லன். கலைமாணிப் பட்டத்துக்காக அதனை ஒரு பாடமாகப் பயின்றவன் மட்டுமே. ஆயினும் தயங்காமல் ஒரு யோசனை சொன்னேன்: சம்பூரிலிருந்து தொடங்குங்கள். நிலம், வாரம், வட்டி, சொத்துரிமை, பொதுப்பண்டம், புறவிளைவு, செலவு-நன்மைப் பகுப்பாய்வு என்று பாடநூலில் வரும் அத்தியாயங்களுள் பெரும்பாலானவை கடந்த முன்னூற்றைம்பது ஆண்டுகளில் அந்த ஊரின் மீதும் அதன் அயலின் மீதும் நடந்து சென்றிருக்கின்றன. சென்ற ஒவ்வொன்றும் எழுத்தில் ஏதேனும் ஒரு தடயத்தை விட்டுச் சென்றிருக்கிறது.

சம்பூர் எங்கே இருக்கிறது என்று வெளிநாட்டு வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தில் நின்று தெற்கே கடலுக்கு அப்பால் பார்த்தால் தெரியும் கரை அது. இடையில் இருப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை கடலில் சேரும் இடம். குடாவின் தென்கரையில் மூதூர். அதற்குக் கிழக்கே கட்டைப்பறிச்சான், சேனையூர், கடற்கரைச்சேனை, கூனித்தீவு, சூடைக்குடா, சம்பூர். வயல், தோட்டம், மாடு, மீன் என்று வாழ்ந்த ஊர்கள். பத்திரகாளி அம்மன் கோயில் சம்பூருக்கு அடையாளம்.

பட்டியலில் முதலாவதாக நான் வைக்கச் சொன்னது றொபேட் நொக்ஸின் நூல். 1659இன் இறுதியில் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல், புதிய பாய்மரம் வெட்டுவதற்காகவும் அந்த இடைவேளையில் துணி விற்பதற்காகவும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கூடவே பரங்கிப்பேட்டை வணிகர்களும் வந்திருந்தார்கள். சோழமண்டலக் கரைத் துணிக்குக் கொட்டியாரத்தில் சந்தை இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1660 ஏப்ரலில் கப்பித்தானும் அவருடைய மகனும் உட்படப் பதினாறு பேர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டனர். தந்தை அடுத்த ஆண்டே நோயில் இறந்தார். மகன் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்து, 1679இல் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் தப்பிச் சேர்ந்தார். 1681இல் அவருடைய நூல் இலண்டனில் அச்சேறியது. விஞ்ஞானி றொபேட் ஹூக் அதற்கு முன்னுரை எழுதினார்.

நொக்ஸை வரலாற்று மாணவர்கள் படிக்கிறார்கள். ஆங்கில இலக்கிய மாணவர்கள் டானியல் டீபோவின் பொருட்டுப் படிக்கிறார்கள். பொருளியல் மாணவர்கள் படிப்பதில்லை. அந்த மனிதரோ சிறைப்பட்ட நிலையிலும் ஒரு கணக்காளரின் கண்ணோடு வாழ்ந்தவர். தொப்பி பின்னி விற்றார். தொப்பிக்குச் சந்தை நிரம்பியதும் வேறு தொழில் பார்த்தார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி பெற்றார். பணம் அரிதான அந்நாட்டில் நெல்லே பணமாக நின்றதையும், குடிகள் தாம் வைத்திருந்த காணிக்கு வாரமாக அரசனுக்குச் சேவை செய்ததையும், இராசகாரியம் என்ற அந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதையும் விரிவாக எழுதினார். வட்டி வீதம் ஏன் ஐம்பதாக இருந்தது என்று ஒரு வகுப்பில் கேட்டால் போதும். பற்றாக்குறை, ஆபத்து, சேமிப்பு, சந்தையின் அளவு ஆகியவற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் நெல்லின் பெறுமதி மாறுவதைச் சொல்லாமல் அந்த ஐம்பதை விளக்க முடியாது. கிழக்கின் எந்தக் கிராமத்திலிருந்து வரும் மாணவனுக்கும் அது புரியும்.

இரண்டாவது நமது மொழியிலேயே இருக்கிறது. கவிராசவரோதயர் இயற்றியதாகக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு. பெயர் கல்வெட்டு என்றிருப்பினும் அது ஏட்டில் எழுதப்பட்ட நூல். குளக்கோட்டன் கோயில் எடுப்பித்த கதை, கந்தளாய்க் குளம் கட்டிய கதை என்று பக்தி நூலாகவே அதனைப் படித்துப் பழகிவிட்டோம். சற்றுத் திருப்பிப் படித்தால் அது ஒரு வரவு செலவுத் திட்டம். எந்தப் பற்றிலிருந்து எத்தனை நெல், எந்தக் குடிக்கு என்ன ஊழியம், யார் எதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற பங்கீடு அதில் இருக்கிறது. திருகோணமலைப் பற்று, கட்டுக்குளப் பற்று, தம்பலகாமப் பற்று, கொட்டியாரப் பற்று என்ற நான்கு பிரிவுகளும் கோயிலையும் குளத்தையும் மையமாகக் கொண்டு ஒரே பொருளாதாரமாக இணைக்கப்பட்டிருந்த தோற்றம் தெரிகிறது. கதையின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் சண்டையிடட்டும். வரிக்கும் நன்கொடைக்கும் ஊழியத்துக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது என்று மாணவன் கேட்டால் நமக்குப் போதும்.

அதன் அருகே வைக்கத்தக்கது, திருகோணமலையில் ஒல்லாந்தரின் தலைமை அதிகாரியாக இருந்த வான் செண்டன் 1786இல் தம் பகுதியைச் சுற்றிப் பார்த்து எழுதிய நாட்குறிப்பு. கொட்டியாரத்தையும் தம்பலகாமத்தையும் நேரில் கண்டு குளங்கள், வயல்கள், குடிகள் ஆகியவற்றைப் பற்றி எழுதினார். கம்பனிக்கு இந்நிலத்திலிருந்து என்ன பெறலாம் என்பதே அவருடைய கவலை. ஆயினும் குடியிருப்போர் இருக்கிறார்கள், பயிர் செய்கிறார்கள், அவர்களுக்குக் குறைகள் உள்ளன என்ற அளவுக்காவது அவர் கண் திறந்திருந்தது. அரை நூற்றாண்டு கழித்து வந்த ஆங்கிலேயச் சட்டத்துக்கு அந்த அளவும் இல்லை.

நான் சொல்வது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலங்கள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டத்தை. காடு, தரிசு, குடியிருப்பில்லாத நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய அனைத்தும், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடியின் சொத்து என்று அது ஊகித்தது. நிரூபிக்கும் பாரம் குடிமகன் தலையில். சேனைப் பயிர்ச்செய்கை என்பது ஓராண்டு விதைத்துப் பல ஆண்டுகள் காட்டுக்கு விட்டுவிடும் முறை. விட்டிருக்கும் ஆண்டுகளில் அதிகாரி வந்து பார்த்தால் அது காடு. ஆகவே முடியின் சொத்து. கோப்பித் தோட்டத்துக்கு நிலம் தேடிய காலத்தில் பிறந்த இச்சட்டத்தின் சில பக்கங்களை மாணவனுக்குக் கொடுத்துவிட்டு, மூதூர்க் கிழக்கின் நிலப்படத்தையும் பக்கத்தில் விரித்து வைக்க வேண்டும். சேனையூர். கடற்கரைச்சேனை. ஊர்ப் பெயரிலேயே பயிர்ச்செய்கை முறை எழுதியிருக்கிறது. மக்கள் நிலத்தை உழைப்பால் உரிமையாக்கிய முறைக்கு அப்பெயர்கள் சாட்சி. சட்டமோ அந்த முறையை உரிமை என்று ஏற்கத் தயங்கியது. சொத்துரிமை தெளிவாக வரையறுக்கப்பட்டால் சந்தை நன்கு இயங்கும் என்று பாடநூல் சொல்கிறது. யார் வரையறுத்தார்கள், எந்த மொழியில், எந்தப் பயிருக்காக என்பதை அது சொல்வதில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னும் இந்தப் பாதை மாறவில்லை. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரக் காணிகள் வந்தன. கொட்டியாரப் பற்றின் தென்பகுதியில் 1950களில் அல்லைக் குடியேற்றத் திட்டம் வந்தது. அதன் அரசியலைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. பொருளியல் வகுப்புக்கு வேண்டிய ஒன்று மட்டும்: ஒரே பிரதேசத்தில் உறுதிக் காணி, அனுமதிப்பத்திரக் காணி, எந்தத் தாளும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஆண்ட காணி என்று மூவகை உரிமைகள் அருகருகே கிடந்தன. 2006இல் அடி விழுந்தபோது மூன்றும் ஒரே வேலிக்குள் அடைபட்டன.

அந்த ஆண்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சம்பூர் அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஏப்ரல் 25இல் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றே விமானங்கள் சம்பூர்ப் பகுதியில் குண்டு வீசின. மக்கள் வெளியேறத் தொடங்கினர். ஜூலையில் மாவிலாற்றின் மதகு அடைக்கப்பட்டதை அடுத்துப் போர் பரவியது. செப்டெம்பர் 4ஆம் திகதி இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. மட்டக்களப்பு வரை ஓடிய மக்கள் பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல் முதலான இடங்களின் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். தம் வயலிலிருந்து சில மைல் தூரத்தில் கூடாரத்தில் இருந்துகொண்டு நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலில், நாட்டில் உணவு இருந்தும் அதைப் பெறும் உரித்து ஒருவனிடமிருந்து நழுவிப் போவதே பஞ்சம் என்று விளக்குகிறார். நெல் விளைவித்தவன் நெல்லுக்குக் கையேந்தும் நிலையை விளக்க அதைவிட நல்ல அத்தியாயம் கிடையாது.

போர் நகர்ந்து சென்ற பின்புதான் பொருளியல் ஆசிரியருக்கு உண்மையான பாடம் தொடங்குகிறது. 2006 ஒக்டோபரில் திருகோணமலை விசேட பொருளாதார வலயம் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத்துக்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பின்னர் அதற்குச் சம்பூர் இடமாயிற்று. 2007 மே மாதம் மூதூர்க் கிழக்கு - சம்பூர் உயர் பாதுகாப்பு வலயம் அவசரகால விதிகளின் கீழ் பிரகடனமாயிற்று. 2012இல் 818 ஏக்கர், கைத்தொழில் வலயம் என்ற பெயரில் முதலீட்டுச் சபையின் வழியே தனியார் நிறுவனம் ஒன்றுக்குச் சென்றது. 237 ஏக்கரில் கடற்படை முகாம் இருந்தது.

இந்த வர்த்தமானிகள் நல்ல துணைப்பாடம் என்றேன். நண்பர் சற்று நெளிந்தார். சம்பூர் என்றாலே அரசியல் என்று மாணவர்கள் ஒதுங்குவார்கள்; பரீட்சைக்கும் வராது என்றார். அவருடைய தயக்கம் நியாயமற்றதன்று. செய்தித்தாள்களின் தலைப்புகளில் சம்பூர் என்ற சொல் பல ஆண்டுகள் ஓர் இராணுவச் சொல்லாகவே வந்து போனது. ஆனால் உயர் பாதுகாப்பு வலய வர்த்தமானியைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். அது எவருடைய காணி உறுதியையும் பறிக்கவில்லை. 1950இன் காணி எடுத்தற் சட்டத்தின்படி அரசு ஒரு நிலத்தை எடுத்தால் அறிவித்தல் கொடுக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும், சந்தைப் பெறுமதியை நட்டஈடாகக் கொடுக்க வேண்டும். இங்கே காணி எடுக்கப்படவில்லை. உள்ளே போவது மட்டும் தடுக்கப்பட்டது. உறுதி பெட்டியில் பத்திரமாக இருந்தது. உழ முடியாது, விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது. அந்த உறுதியின் விலை என்ன? சொத்துரிமை பற்றி ஒரு பருவம் முழுவதும் விரிவுரை நடத்தியும் இப்படியொரு பயிற்சிக் கேள்வி ஆசிரியருக்குக் கிடைக்காது.

அமையச் செலவுக்கு இப்போது வருவோம். மின் நிலையத்தின் கணக்கில் நிலக்கரியின் விலை இருந்தது, இயந்திரத்தின் விலை இருந்தது, கடனுக்கான வட்டி இருந்தது. இடம்பெயர்ந்தோரின் ஒன்பது ஆண்டுகளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் என்று வைத்தாலும் ஒன்பது போகம். பட்டியில் இருந்த மாடுகள், காய்க்காமல் போன தென்னைகள், கரைவலை இழுக்காத பருவங்கள். இவற்றைப் பூச்சியம் என்று வைத்தால் எந்தத் திட்டமும் மலிவாகத்தான் தெரியும். 2015இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்த சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மாணவர்கள் கட்டாயம் புரட்ட வேண்டிய ஆவணம். தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி இத்தகைய அறிக்கை மீது எவரும் முப்பது நாட்களுக்குள் கருத்துச் சமர்ப்பிக்கலாம். அப்படியொரு கருத்தை எழுதச் சொல்வது ஒரு கட்டுரைப் பரீட்சைக்குச் சமம். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் சாம்பல் பற்றி அயலவர் சொன்ன முறைப்பாடுகளையும், கடலுக்குத் திரும்பும் சூடான நீர் கொட்டியாரக் குடாவின் மீனை என்ன செய்யும் என்ற கேள்வியையும் வைத்துப் புறவிளைவு என்ற அத்தியாயத்தை நடத்தலாம்.

இதே காலத்தில் வங்காளத்தில் இன்னொரு ஊர் இதே கேள்வியால் உலகப் புகழ் பெற்றது. சிங்கூர். 2006இல் டாடா நிறுவனத்தின் சிறிய கார்த் தொழிற்சாலைக்காக மேற்கு வங்க அரசு அங்கே ஏறத்தாழ 997 ஏக்கர் எடுத்தது. விவசாயிகள் எதிர்த்தனர், 2008இல் தொழிற்சாலை குஜராத்துக்குப் போனது, 2016 ஆகஸ்டு 31இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த நில எடுப்பு செல்லாது என்று தீர்ப்பளித்து நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. இரண்டு வாரம் கழித்து, செப்டெம்பரில், சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று இலங்கையின் சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். ஒரே ஆண்டில் தொடங்கி ஒரே மாத இடைவெளிக்குள் முடிந்த இரு கதைகள். நிலத்தின் பரப்பும் ஏறக்குறைய ஒன்று.

ஆனால் படிப்பில் இரண்டும் ஒன்றல்ல. சிங்கூரைப் பற்றிப் பொருளியலறிஞர்கள் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். மைத்ரீஷ் கட்டக், திலீப் முகர்ஜி முதலியோர் 2013இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளியிட்ட கட்டுரை இன்று அபிவிருத்திப் பொருளியல் வகுப்புகளில் வழக்கமான வாசிப்பு. அவர்கள் கண்டது மிக நுட்பமானது. அரசு கொடுத்த நட்டஈடு சராசரியாகப் பார்த்தால் சந்தை விலைக்கு வெகு தூரத்தில் இல்லை. ஆனால் அரசின் பதிவேடு பழையது. நீர்ப்பாசனம் பெற்றுப் பல போகம் விளைந்த நிலங்கள் சில அதில் ஒருபோக நிலமாகவே பதிவாகியிருந்தன. அப்படித் தவறாகப் பதியப்பட்டவர்களுக்குக் குறைந்த பணமே கிடைத்தது. அவர்களே பணத்தை ஏற்க மறுத்தவர்களுள் அதிகம். பதிவேட்டின் ஒரு பிழை போராட்டத்தின் ஒரு காரணமாயிற்று. சம்பூருக்கு நட்டஈடு என்ற கட்டமே வரவில்லை. ஆகவே கணக்கெடுக்க வருவோருக்குத் தொடக்கப் புள்ளியும் இருக்கவில்லை. கட்டுரை இல்லாத ஊரை எப்படிப் பட்டியலில் சேர்ப்பது என்று கேட்பார் கேட்கலாம். சிங்கூர்க் கட்டுரையை மாதிரியாகக் கொடுத்து, சம்பூருக்கு அதே கேள்விக்கொத்தைத் தயாரிக்கச் சொல்வதுதான் என் யோசனை.

மீள்குடியேற்றமும் காகிதத்தின் வழியாகவே நடந்தது. 2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 818 ஏக்கர் பற்றிய அறிவித்தலை இரத்துச் செய்தார். அது நீதிமன்றம் சென்று தடைப்பட்டு, தடை நீங்கிய பின் ஆகஸ்டு மாதத்தில் மக்களிடம் காணி கையளிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த பகுதியிலும் 2016 மார்ச்சில் மக்கள் நுழைந்தனர். எல்லைக் கற்கள் காடு மூடிக் கிடந்தன. அதே ஆண்டு பாராளுமன்றம் நிறைவேற்றிய 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டமும் பட்டியலில் இடம்பெற வேண்டியது. பத்து ஆண்டுகள் எதிர்ப்பின்றி ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது பழைய சட்டம். போரினால் துரத்தப்பட்டவர் தம் காணிக்கு வர முடியாதிருந்த காலத்தை அந்தப் பத்து ஆண்டுகளில் எண்ணக் கூடாது என்பதே புதிய சட்டத்தின் சாரம். காலம் எப்படிச் சொத்தாக மாறுகிறது, அந்தக் காலத்தைச் சட்டம் எப்படி நிறுத்திப் பிடிக்கிறது என்பதை மாணவனுக்குக் காட்ட ஒரு சில பக்கமே போதும்.

வெளிநாட்டுப் புகழ்பெற்ற கட்டுரைகளையும் விலக்க வேண்டியதில்லை. அவற்றுள் இரண்டு நேராகவே இக்கரைக்கு வந்து சேர்கின்றன. பொதுப்பண்டத்துக்கு உதாரணமாக மில் காலம் முதல் சாமுவெல்சன் காலம் வரை பொருளியலார் காட்டி வந்தது வெளிச்சவீட்டை. கடந்து போகும் கப்பலிடம் கட்டணம் வாங்க முடியாது, ஆகவே அரசே கட்ட வேண்டும் என்பது வாதம். 1974இல் றொனால்ட் கோஸ் பழைய ஏடுகளைத் தேடிப் பார்த்து, இங்கிலாந்தில் தனியார் வெளிச்சவீடுகளைக் கட்டியதையும் துறைமுகத்தில் கட்டணம் வசூலித்ததையும் எடுத்துக்காட்டினார். ஏடு பார்க்காமல் உதாரணம் சொன்ன பெரியவர்களை அவர் மென்மையாகக் கிண்டலும் செய்கிறார். சம்பூருக்கு அப்பால் ஃபவுல் முனையில் 1863இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு ஒன்று நிற்கிறது. கோஸின் கட்டுரையை அதன் அடியில் இருந்து படிக்கலாம்.

மற்றது எலினோர் ஒஸ்ட்ரொமின் பொதுவளங்கள் பற்றிய 1990ஆம் ஆண்டு நூல். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது நமது பத்திரிகைகள் முதற் பெண் என்று எழுதின. அந்நூலில் இலங்கை இருக்கிறது என்பதை எழுதியவர் குறைவு. தெற்குக் கரையில் மாவெல்ல என்ற ஊரின் கரைவலை மீனவர்களைப் போல் அலெக்சாண்டர் ஆராய்ந்ததை எடுத்துக்கொண்டு, வலைகளின் எண்ணிக்கைக்கு விதி இருந்தும், மேலிடத்துச் செல்வாக்கு அதைக் குலைத்ததால் வலை பெருகி எல்லோர் பங்கும் சுருங்கியதை அவர் விளக்குகிறார். கல்லோயாவில் விவசாயிகள் கூடி வாய்க்கால் நீரைப் பங்கிட்ட வெற்றிக் கதையும் அதில் உண்டு. மாவிலாற்று மதகின் கதையை அறிந்த மூதூர் மாணவன் அப்பக்கங்களைப் படிக்கும்போது என்ன கேட்பான் என்று அறிய எனக்கு ஆவல்.

நிலக்கரி போன இடத்துக்குச் சூரிய ஒளி வந்தது. அதே இந்திய, இலங்கை நிறுவனங்கள் சூரிய மின் திட்டத்துக்காக 2022 மார்ச்சில் ஒப்பந்தம் செய்தன. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பு வந்த பிரதமர் நரேந்திர மோடி 120 மெகாவாட் சம்பூர்த் திட்டத்தின் பணிகளைக் காணொளி வழியே தொடக்கி வைத்தார். சாம்பல் இல்லை, புகை இல்லை என்பது பெரிய நன்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு வேண்டிய நிலம் நிலக்கரியை விடச் சூரிய ஒளிக்கே அதிகம். அதே 2025இல், குடாவின் மறுபக்கத்தில் முத்துநகர் விவசாயிகள், சூரிய மின் திட்டங்களுக்கு வழங்கப்பட்ட தம் வயல் நிலங்களைக் கோரிப் போராட்டத்தில் இறங்கினார்கள். நிலம் துறைமுக அதிகார சபைக்குரியது என்பது அரசின் பதில். நாங்கள் பயிர் செய்கிறோம் என்பது விவசாயிகளின் பதில். 1840இன் கட்டளைச் சட்டத்தைப் படித்த மாணவனுக்கு இரண்டு பதில்களும் பழக்கமானவையாக இருக்கும்.

பருவத்தின் கடைசி ஒப்படையாக இதையே கொடுக்கலாம் என்று நண்பருக்கு எழுதியிருக்கிறேன். முத்துநகர் வயலின் அமையச் செலவைக் கணக்கிடுக. பயிரிட்டோரின் பதிவு கமநல சேவை நிலையத்தில் இருக்கும். நிலத்தின் உரிமைப் பதிவு பிரதேச செயலகத்தில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.